ஜெயவேலின் புதன்கிழமைகள்

தெருமுனையில் ஃபிளெக்ஸ் கிழிபடும் சத்தம் கேட்டதும், கணவனின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி எழுந்துகொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் பதறிப்போனார்கள். சாவு வீட்டில் பொண்டாட்டிக்காரி எழுந்து தெருவுக்குப் போவது திருவொற்றியூரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் வழக்கமில்லை. நாத்தனார் கார்குழலி முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மலர்க்கொடி அதை உருவிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஷாமியானாவைத் தாண்டி நடந்தாள்.

முனையில் கரண்ட் கம்பத்துக்கும் பூவரச மரத்துக்கும் நடுவே பேனர் கட்டியிருந்தது. அவள் மகன் அறிவு ஸ்டூல் மேல் ஏறி ஒரு மூலையைப் பிய்த்துவிட்டிருந்தான். கீழே நின்ற பீம்ராவ் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பீம்ராவ், ஜெயவேலோடு ஒரே ஷிப்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பேனரில் ஜெயவேல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு விபத்தும் இன்றிப் பணியாற்றி ஓய்வு பெறும் எங்கள் கிரேன் அண்ணன் ஜெயவேல் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' இரண்டு ஓரத்திலும் பட்டாசு வெடிக்கிற படம் வேறு.

தவறு பீம்ராவுடையதுதான். வருகிற முப்பதாம் தேதி ஜெயவேலுக்குக் கடைசி நாள். அன்றைக்குக் கட்டுவதற்காகக் கம்பெனி ஆட்கள் போன வாரமே ஆர்டர் கொடுத்து, கடையில் அச்சடித்துச் சுருட்டி வைத்திருந்த பேனர் இது. நேற்றுச் சாயங்காலம் பீம்ராவ் அதே கடைக்குப் போன் போட்டு, "ஜெயவேல் அண்ணன் ஃபிளெக்ஸ் அர்ஜென்ட்டா வேணும்" என்றார். செத்துப்போனார் என்கிற சொல்லை வாய்க்குக் கொண்டுவர முயன்றார், வரவில்லை, போனை வைத்துவிட்டார். கடைக்காரர்களும் கையில் இருந்ததைக் கொண்டுவந்து விடியற்காலை இருட்டோடு இருட்டாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் எழுத்து தெரிந்தது.

"வுடு மாமா!" அறிவு கத்திக்கொண்டிருந்தான். "நைனா அங்க பொட்டில கீறாரு. இங்க வாழ்த்துறாங்களாம், வாழ்த்து!"

"எறங்குடா" என்றாள் மலர்க்கொடி.

"ம்மா, நீ இன்னாத்துக்கு எழுந்து வந்த? இதுல இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?"

"படிச்சேன். ஒண்ணும் பொய்யி எழுதல. அந்த மூலையத் திருப்பிக் கட்டு."

தெரு மொத்தமும் அவளைப் பார்த்தது. புருஷன் போன அதிர்ச்சியில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். அறிவு கட்டவில்லை, பீம்ராவ்தான் கட்டினார். அறிவு ஸ்டூலிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்து, பேனரில் இருந்த சிரிப்பைப் பார்த்தான்.

"நான்தாம்மா அனுப்பிச்சேன்" என்றான். "வூட்டுக்கு வந்துடறேன்னு சொன்ன மனுசனை ரெண்டு வருஷம் நான்தான் திருப்பி அனுப்பிச்சேன். ஒரு நாளு குந்தலம்மா அவரு. ஒரே ஒரு நாளு."

நேற்று நான்கு மணியிலிருந்து அவன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். வியாசர்பாடியிலிருந்து பைக்கில் வந்து இறங்கியவன், அப்பன் முகத்தைப் பார்த்ததும் சொன்னான். போனில் சொன்னான், பொண்டாட்டி மகிழினியிடம் சொன்னான், யாரும் இல்லாதபோது சுவரைப் பார்த்துச் சொன்னான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை.

மலர்க்கொடிக்குப் புருஷனைப் பற்றிக் கவலை இல்லை. முதல் ஷிப்ட் முடித்து வந்து, வஞ்சிர மீன் குழம்பில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டு, 'காரம் தூக்கல்' என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் படுத்தவர், படுத்த வாக்கிலேயே போய்விட்டார். அதைவிட நல்ல சாவைக் கேட்டு வாங்க முடியாது. அவள் கவலையெல்லாம் மகனைப் பற்றித்தான். இந்த எண்ணம் அவனுக்குள் இறங்கிக் குடியேறிவிட்டால் பிறகு யாராலும் கிளப்ப முடியாது. அவனுக்கு முப்பத்தொரு வயது, இன்னும் எத்தனையோ வருஷம் இதைச் சுமக்க வேண்டியிருக்கும். அதைக் கிளப்புகிற சேதி அவளிடம் இருந்தது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று செத்தவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

எல்லாம் ஜார்ஜ் போய்ச் சேர்ந்த விதத்தில் ஆரம்பித்தது. எண்ணூர் ரோட்டில் இரும்பு வார்க்கிற அந்தக் கம்பெனியில், ஜெயவேலுக்கு அடுத்த ஷிப்டில் அதே கிரேனை ஓட்டியவர் ஜார்ஜ். ரிட்டயர் ஆன முதல் வாரம் நன்றாகத் தூங்கினார். அடுத்த வாரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் போய் நிற்க ஆரம்பித்தார். வாட்ச்மேன் முதலில் டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு 'தெனமும் வராதீங்க சார்' என்றார். நான்காவது மாதம், நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே வீட்டு வாசலில் ஜார்ஜைப் பெட்டியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு வியாதியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி ஆட்கள் அதை நம்பவில்லை.

ஜார்ஜைப் புதைத்துவிட்டு வந்த அன்று ஜெயவேல் சாப்பிடவில்லை.

"ஏய் மலரு, நான் ரிட்டயர் ஆயி வூட்ல இருந்தா இன்னா பண்ணுவேன்?"

"இன்னா பண்ணுவ, சோறு துன்னுவ, தூங்குவ."

"அப்பறம்?"

அவர் தொடாத தட்டை அவள் மூடிவைத்தாள்.

அடுத்த இரண்டாவது மாதம் ஐம்பத்தெட்டு முடிந்தது. இப்போதே போகலாம், விருப்பப்பட்டால் அறுபது வரை இருக்கலாம் என்று கம்பெனியில் தாள் கொடுத்தார்கள். ஜெயவேல் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, "போதும், வந்துடறேன்" என்றார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி இருந்தது குரல். அறிவு அப்பன் முகத்தையே பார்த்தான். "வேணாம் நைனா. ரெண்டு வருஷம் போ. சும்மா குந்தினா சீக்கு வந்துடும், ஜார்ஜ் மாமா கதை தெரியும்ல?" என்றான். ஜெயவேல் அறுபது என்று கையெழுத்துப் போட்டார். அறிவு செய்த குற்றம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஒரு வருஷம் வழக்கம்போல் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து சொன்னார்:

"நாளையிலருந்து புதன்கெழமை புதன்கெழமை லீவு போடறேன்."

"இன்னாத்துக்கு?"

"பழகிக்கறதுக்கு."

"எத்த?"

"வூட்ல குந்தறத."

மலர்க்கொடி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "கிரேனுக்குப் புதுசா ஒருத்தன் வந்தான்னா, எடுத்ததும் கொதிக்கிற இரும்பைத் தூக்கச் சொல்லமாட்டோம், மலரு. மொதல்ல வெறும் கொக்கிய ஏத்தி எறக்குவான். அப்பறம் மண்ணு மூட்டை. ஆறு மாசம் கழிச்சிதான் இரும்பு. ஜார்ஜு ஒரே நாள்ல முழுசாத் தூக்கிட்டான், அதான் அறுந்துபோச்சு. நான் வெறும் கொக்கியிலருந்து வரேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வலது கையை உயர்த்தி முஷ்டியை இறுக மூடிக் காட்டினார். கம்பெனிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. கிரேன் கேபினில் மேலே இருக்கிறவரிடம் கீழே இருப்பவர்கள் கையால்தான் பேசுவார்கள். விரலைச் சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் மெதுவாக இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து, அசையாதே. கல்யாணமான நாளிலிருந்து மலர்க்கொடிக்கு இந்தப் பாஷை அத்துப்படி. இப்போது காட்டியதற்கு, யாரிடமும் மூச்சு விடாதே என்று அர்த்தம்.

"அறிவுகிட்டகூடவா?"

"அவங்கிட்ட முக்கியமா. போன்னு சொன்னவன் அவன்தான். நான் லீவு போட்டுக்கினு வூட்ல கீறேன்னா மனசு சங்கடப்படுவான். ரிட்டயர் ஆவற அன்னிக்கி நானே சொல்லிக்கறேன்."

கம்பெனியில், முட்டி வலிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கப் போவதாகச் சொல்லிவைத்தார். பல வருஷமாய் எடுக்காமல் சேர்ந்துபோன லீவு இருந்தது, யாரும் கேட்கவில்லை.

முதல் புதன்கிழமையை நினைத்தால் அவளுக்கு இப்போதும் வாய்க்குள் சிரிப்பு முட்டும். காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை மாட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு எழுந்து, அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தார். அவள் வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள். மிஷின் பக்கத்தில் வந்து நின்று, 'இந்த ஓரத்தை மொதல்ல தெச்சா டைம் மிச்சம்' என்றார். பருப்புச் சட்டியைத் திறந்து பார்த்து மூடினார். மூன்றாவது தரம் திறந்தபோது அவளுக்குப் பொறுமை போயிற்று.

"யோவ், இன்னாய்யா ஃபோர்மேன் மாதிரி பின்னாலயே வர? நீ ரிட்டயர் ஆயி வூட்டுக்கு வந்தா, நான் எங்கய்யா போயி ரிட்டயர் ஆவறது?"

அவள் கோபத்தில் சொன்னதுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க யோசித்தார்.

இரண்டாவது புதன் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது புதன் விடிந்து, அவள் எழுந்திருக்கப் போனபோது, அடுக்களையில் லைட்டர் சத்தம் கேட்டது. நைட்டி வெட்டுத் துணியில் சுற்றி எதையோ 'டொக் டொக்' என்று தட்டுகிற சத்தமும் கேட்டது. அவள் எழுந்துவிடக் கூடாதென்று துணியில் சுற்றி இஞ்சி தட்டுகிறாராம். தட்டிய இஞ்சியை நேராகப் பச்சைப் பாலில் போட்டுவிட்டார். பால் திரிந்து கட்டி கட்டியாகிவிட்டது. மலர்க்கொடி அரைக்கண்ணால் பார்த்தாள். மனுஷன் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார், கரண்டியால் ஒரு கட்டியைத் தூக்கிப் பார்த்தார், சத்தமில்லாமல் கொட்டினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைப் பூனை மாதிரி திறந்து, வேறு பால் பாக்கெட் வாங்க வெளியே போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணி கழித்து, "மலரு, டீ" என்று எழுப்பினார். முதல் ஷிப்டுக்குச் சோறு கட்ட நாலு மணிக்கு எழுந்தே பழகிய அவள் வாழ்க்கையில், படுத்த இடத்துக்கு டீ வந்தது அன்றைக்குத்தான். சர்க்கரை தூக்கல். அவள் சொல்லவில்லை. பால் திரிந்த கதையையும் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம், புதன்கிழமையென்றால் டீ வந்தது. நைட்டியில் பிசிறு வெட்டக் கற்றுக்கொண்டார். எந்தக் கடையில் கீரை இளசு, எந்த வீட்டு வாசலில் பத்து மணிக்கு நிழல் விழும் என்றெல்லாம் தெரிந்துகொண்டார். 'முப்பது வருஷமா இந்த ஏரியாவுல கீறேன், பகல்ல இத்தப் பாத்ததே இல்ல மலரு' என்று ஆச்சரியப்பட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் எங்கேயோ போய்வருவார். 'ஆளு புடிக்கப் போறேன்' என்பார். 'எனக்குத் தெரிஞ்சவன் எல்லாம் கம்பெனில கீறான். வெளியில ஒருத்தனாவது வேணும்ல?' ஆள் கிடைத்தாரா என்று அவள் விசாரிக்கவில்லை. ஒரு ஆம்பளைக்கு இரண்டு மணி நேரமாவது சொந்தமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் பருப்புச் சட்டியைத் திறப்பதை நிறுத்தினார். போன மாதம் ஒரு புதன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கடிகாரத்தைப் பார்க்காமல், மதியம் வரை சும்மா இருந்தார். அவளிடம் முஷ்டியைக் காட்டவில்லை, விரலைச் சுழற்றவில்லை. 'வந்துடுச்சு மலரு' என்றார். இனிமேல் முழு வாரத்தையும் தூக்கலாம் என்று அர்த்தம்.

பேனருக்குக் கீழே மகனை விட்டுவிட்டுத் திரும்பி வந்த மலர்க்கொடி, பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தாள். முப்பதாம் தேதிக்கென்று வாங்கிய புதுச் சட்டை. கார்குழலி மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"ஒரு நாளு குந்தலயே... எங்கண்ணன் ஒக்காந்து சோறு துன்னலயே... உழைச்சு உழைச்சு ஓடா தேஞ்ச ஒடம்புக்கு ஒரு நாளு ஓய்வு இல்லியே..."

வாசலில் வந்து நின்ற அறிவு ஒவ்வொரு 'ஒரு நாளு'க்கும் அடி வாங்கினவன் போலத் தலையைக் குனிந்தான். மலர்க்கொடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெட்டியைப் பார்த்து, உன் முஷ்டியை நீயே வைத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, மகனை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அடுப்பு துடைத்துப் போட்டபடி இருந்தது. சாவு வீட்டில் பால் ஊற்றுகிற வரைக்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள்தான் கேனில் டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வெறும் கொக்கி, புதன்கிழமை, கீரை, பிசிறு. "இஞ்சி தட்டிப் போட்டு டீ எடுத்தாருவாருடா, நான் படுத்துகினு குடிப்பேன்" என்றாள். பால் திரிந்ததை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கும் அவருக்கும் நடுவில், அவருக்கே தெரியாமல் இருந்த விஷயம்.

அறிவு கேட்டுக்கொண்டே நின்றான்.

"என்னைத் தேத்தறதுக்கு சொல்றியாம்மா?"

"டேய், உன் மேல சத்தியம்டா."

அவன் திரும்பி, வாசலில் நின்ற பீம்ராவிடம் கேட்டான். "மாமா, நைனா புதன்கெழமை வேலைக்கு வரமாட்டாரா?"

"வரமாட்டாருடா" என்றார் பீம்ராவ் பாவம், வெள்ளந்தியாக. "முட்டி வலி தாங்கலன்னு ஒரு வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தாரு, கரண்டு வெக்க. உனக்குத் தெரியாதா?"

அறிவின் முகம் வெளுத்துப்போனது. உடம்பு முடியாத மனிதனைத்தான் வேலைக்கு அனுப்பியிருக்கிறான். மலர்க்கொடி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஜெயவேல் சொன்ன ஒரே பொய், ஆள் போன பிறகு வந்து காரியத்தைக் கெடுத்தது. இனி அவள் எதைச் சொன்னாலும் தாய் மனசு சொல்கிற கதையாகத்தான் இருக்கும்.

பதினொரு மணிக்கு ஷாமியானா ஓரத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, வெளுத்த ஜிப்பா, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். சிரித்த முகத்தோடு தெருவுக்குள் வந்தவர், ஷாமியானாவையும் நாற்காலிகளையும் பார்த்து விசேஷ வீடென்று நினைத்து இன்னும் நாலு அடி வந்துவிட்டார். பறை மேளக்காரர்களைப் பார்த்த பிறகுதான் கால் நின்றது. பாக்ஸை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"யாரு பெரியவரே?" என்றான் அறிவு.

"இது ஜெயவேல் வூடுதானே? மெயின் ரோட்டுல ஷேர் ஆட்டோல போய்க்கினு இருந்தேன். பேனர்ல ஆளு சிரிச்சிகினு இருந்தாரு. அட, தேதிய முன்னால கொண்டாந்துட்டாங்க போல, எங்கிட்ட சொல்லாம வுட்டாரேன்னு எறங்கி ஸ்வீட்டு வாங்கிகினு..." அவர் அதற்கு மேல் பேசவில்லை. உள்ளே பெட்டி தெரிந்தது.

"நீங்க கம்பெனில அவரோட வேலை செஞ்சவரா?"

"இல்லப்பா. நான் சௌக்கத் அலி. வண்ணாரப்பேட்டைல துணிக்கடைல சேல்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன், தண்டையார்பேட்டை. உங்க நைனாவுக்கு நான் புதன்கெழமை தோஸ்து."

வீட்டுக்குள் மலர்க்கொடி தலையைத் தூக்கினாள். ஆள் கிடைத்திருக்கிறார்.

சௌக்கத் அலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடி வழியே நண்பரின் முகத்தைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அறிவு அவர் பின்னாலேயே வந்து நின்றான். "புதன்கெழமைன்னா?" என்றான்.

"கடற்கரையில கல்லு கொட்டி வெச்சிகீறாங்களே, அங்க. பத்து மணிக்கு வந்துடுவாரு. மொத நாளே நேரா எங்கிட்ட வந்து, 'பாய், நீங்க ரிட்டயர் ஆன ஆளா, நான் பழக வந்துகீறேன்'னாரு. இன்னாடா மனுசன்னு நெனச்சேன். மேல கிரேன்ல குந்தி ஆளுங்க உச்சந்தலையவே பாத்துகினு இருந்தேன் பாய், மூஞ்சப் பாத்துப் பேசி ரொம்ப நாளாச்சும்பாரு."

"முட்டி வலின்னு..."

"முட்டி வலியா?" சௌக்கத் அலி அந்த இடத்திலும் லேசாகச் சிரித்துவிட்டார். "அந்தக் கல்லு மேல ஆடு மாதிரி ஏறுவாருப்பா. நான்தான் கையப் புடிச்சிகினு ஏறுவேன்."

பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீதான் அறிவா? மெட்ரோல எஸ்கலேட்டர் ரிப்பேர் பண்ற பையன்?"

"ஆமா."

"உன்னப் பத்திப் பேசாத புதன்கெழமை கெடையாது. 'பாய், ஐம்பத்தெட்டுல என்னை வூட்ல குந்த வெச்சிருந்தாங்கன்னா பயத்துலயே போயிருப்பேன். எம்புள்ள என் மூஞ்சப் பாத்து கண்டுபுடிச்சிட்டான். ரெண்டு வருஷம் டைம் வாங்கிக் குடுத்தான். அதனாலதான் இந்தக் கல்லு மேல நிம்மதியா குந்திகீறேன்'பாரு. அத்த உங்கிட்ட சொன்னாரா?"

"இல்ல."

"முப்பதாம் தேதி மாலையோட வந்து எறங்கினதும் சொல்றேன்னு இருந்தாரு."

அறிவு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பெட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்து, 'நைனா' என்று ஒரு தரம் கூப்பிட்டான். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, சின்னப் பிள்ளையில் அழுதது போலவே அழுதான். கார்குழலி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, அண்ணன் முகத்தையும் பாயின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அவள் அந்த 'ஒரு நாளு' வரியைப் பாடவே இல்லை.

மலர்க்கொடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகனைப் பற்றிய இந்தப் பேச்சை அவர் அவளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பேனரைக் கிழிக்க விட்டிருந்தால் இது கடற்கரைக் கல்லோடு போயிருக்கும். பீம்ராவ் சொல்ல வராமல் பாதியில் போனை வைத்தாரே, அவருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சௌக்கத் அலியின் முதுகுக்குப் பின்னால் இன்னும் மறைந்திருந்த ஸ்வீட் பாக்ஸைக் கை நீட்டிக் கேட்டாள்.

"குடு பாய். அவருக்கு வாங்கினதுதானே."

வாங்கி, தலைமாட்டில் எரிந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். முதல் ஷிப்ட் விட்ட கையோடு, கம்பெனியிலிருந்து ஒரு வண்டி நிறைய ஆட்கள் நேராக வந்திருந்தார்கள். பீம்ராவ் மலர்க்கொடி முன்னால் வந்து நின்றார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டயர் ஆகிறவரை மாலை போட்டு, மேளத்தோடு வீடு வரைக்கும் கூட்டிவந்து, 'நல்லபடியா ஒப்படைச்சிட்டோம்' என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"முப்பதாம் தேதி நாங்க உங்க கையில ஒப்படைக்கறதா இருந்தது அண்ணி."

"இப்ப நான் ஒப்படைக்கறேன் பீம்ராவ். பத்திரமா எறக்குங்க."

பாடையைச் சுற்றி ஆறு பேர் குனிந்தார்கள். மேளச் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. பீம்ராவ் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போய், இருபது வருஷமாய்க் கீழே நின்று மேலே இருந்தவருக்குக் காட்டிய அதே கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை மெல்லச் சுழற்றினார். கம்பெனி ஆட்கள் ஆறு பேரும் அந்த விரலைப் பார்த்தே, ஒரு பக்கமும் சாயாமல், சீராகத் தூக்கினார்கள். பேனருக்குக் கீழே ஊர்வலம் போனபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மலர்க்கொடி வாசலில் நின்றபடி பார்த்தாள். வாழ்த்தி வழியனுப்புகிறோம் என்றுதான் எழுதியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பவும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். மலர்க்கொடி விளக்குக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். தூங்கவில்லை. என்ன கிழமை என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

வாசலில் பட்டம்மாளின் குரல் கேட்டது. "டீ கொண்டாரவா?"

"இன்னிக்கி வேணாம்க்கா" என்றான் அறிவு, தாழ்ந்த குரலில். "நான் பாத்துக்கறேன்."

அடுக்களையில் ஏதோ டப்பா உருண்டது. யாரோ அதை அவசரமாகப் பிடித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து லைட்டர் இரண்டு தரம் சொடுக்கியது, மூன்றாவது தரத்தில் அடுப்பு பற்றியது. பிறகு துணியில் சுற்றி எதையோ 'டொக் டொக்' என்று தட்டுகிற சத்தம். மிஷின் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணியை எடுத்திருப்பான். இஞ்சி வாசனை வந்தது.

நேரம் போயிற்று. டீ வரவில்லை. கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. அடுப்பை அணைத்தான். தொட்டியில் எதையோ சத்தம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக் கொட்டினான்.

அடுக்களையிலிருந்து வெறுங்காலின் அரவம் வந்தது. அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அது நின்றது. மலர்க்கொடி கண்ணை இறுக மூடி, தூங்குகிறவளைப் போல மூச்சை நீளமாக இழுத்து விட்டாள். கால்கள் அவளைத் தாண்டிப் போயின. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை ஓசைப்படாமல் திறந்து, அறிவு வேறு பால் பாக்கெட் வாங்க வெளியே போனான்.